சொல் சேரும் செவி

திருக்குர்ஆனில் செவியும் பார்வையும் இணைத்துக் கூறப்படும் இடங்களில் பெரும்பாலும் செவியே முன்னிற்கக் காணலாம். இதற்குப் பெரியோர் பல நயங்கள் உரைப்பர். எளிய ஒன்றை நாமே உணரலாம். கண்ணுக்கு இமை என்னும் கதவு உண்டு. காண விரும்பாதபோது மூடிக்கொள்ளலாம். செவிக்குக் கதவு இல்லை. உறங்குபவருக்கும் அது திறந்தே கிடக்கிறது. குழந்தையின் அழுகை தாயை எழுப்புவதும், வைகறைப் பாங்கு நம்மை எழுப்புவதும் அந்த வழியாகத்தான். செவி, பார்வை, உள்ளம் ஆகிய ஒவ்வொன்றும் விசாரிக்கப்படும் என்று இஸ்ரா அத்தியாயத்தின் 36ஆம் வசனம் எச்சரிக்கிறது. செவி ஓர் அமானிதம் என்றால், பிறர் செவியில் நாம் எதை, எந்த அளவில் கொண்டுபோய்க் கொட்டுகிறோம் என்பதும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

இன்று நம்மவர் இல்லங்களில் ‘ஹோம் தியேட்டர்’ என்னும் ஒலிபெருக்கித் தொகுதி ஓர் அலங்காரப் பொருளாகவே ஆகிவிட்டது. சபர் சென்று திரும்புகிறவர் கொண்டுவரும் பொருள்களில் முன்பு டேப்ரிக்கார்டர் இருந்த இடத்தில் இப்போது இது இருக்கிறது. அதில் கிராஅத் கேட்பதோ, பயான் கேட்பதோ, பிள்ளைகள் விளையாட்டுப் போட்டி பார்ப்பதோ அவரவர் பேணுதலைப் பொறுத்தது. அதைப் பற்றிய தீர்ப்பு இக்கட்டுரைக்குரியதன்று. வாங்கிவந்த கருவியை வீட்டில் எப்படி அமர்த்துவது, எப்படிச் சீர்படுத்துவது என்பதே இங்கே பேச்சு.

விருத்தாசலத்தை அடுத்த நல்லூரில் எங்கள் வீடு. சவூதியிலிருந்து திரும்பிய என் தம்பி அப்படியொரு தொகுதியை வாங்கிவந்து கூடத்தில் இறக்கினான். சிறிய பெட்டிகள் ஐந்து, பெரிய பெட்டி ஒன்று. பிள்ளைகள் சுற்றிலும் கூடிவிட்டனர். எண்பத்திரண்டு வயதான எங்கள் தாயார் சாய்வு நாற்காலியில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “இதுல உங்க அத்தா குரல் கேக்குமா?” என்று கேட்டார்கள்.

அத்தா அவர்கள் 1979 முதல் அபுதாபியில் இருந்தவர்கள். அந்நாளில் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி, ஊர் திரும்புகிறவரிடம் கொடுத்தனுப்புவது வழக்கம். அவர்கள் வஃபாத்தாகிப் பல்லாண்டுகள் ஆகின்றன. 1984இல் அனுப்பிய கேசட் ஒன்று மட்டும் அம்மாவின் பெட்டியில் எஞ்சியிருந்தது. அதை அம்மா எப்போதாவது கேட்பதுண்டு. காது மந்தமான பிறகு, “சத்தம் கேக்குது, சொல்லு விளங்கல” என்று வைத்துவிட்டார்கள். ஆகவே எங்கள் வீட்டில் இந்தக் கருவிக்கு ஒரு பரீட்சை முதல் நாளே குறிக்கப்பட்டுவிட்டது. கூரை அதிர்கிறதா என்பதன்று பரீட்சை. அம்மாவுக்குச் சொல் விளங்குகிறதா என்பது.

அட்டைப் பெட்டியின் மேல் ஆயிரம் வாட் என்று அச்சிட்டிருந்தது. விற்றவரும் அதையே பெருமையாகச் சொல்லியனுப்பினாராம். இது ‘பி.எம்.பி.ஓ.’ என்னும் கணக்கு. கண்ணிமைக்கும் நேரத்துக்குக்கூட நிலைக்காத உச்சத்தைக் கற்பனையாகக் கூட்டிச் சொல்வது. இடைவிடாது தரக்கூடிய ஆற்றலை ‘ஆர்.எம்.எஸ்.’ என்று தனியே குறிப்பிடுவர். வாங்குகிறவர் பார்க்க வேண்டியது அதைத்தான். அதிலும் ஓர் உண்மையை நினைவிற்கொள்ள வேண்டும். வாட் இருமடங்கானால் ஒலி 3 டெசிபெல்தான் உயரும். நம் செவிக்கு ஒலி இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல் உயர வேண்டும்; அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. மாறாக, திறந்த வெளியில் கேட்பவருக்கும் பெட்டிக்கும் உள்ள தொலைவைப் பாதியாகக் குறைத்தால் காசில்லாமல் 6 டெசிபெல் கிடைத்துவிடுகிறது. கருவியை மாற்றுமுன் நாற்காலியை நகர்த்திப் பார்ப்பது நலம்.

என் மச்சான் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளையருகே நெடுங்காலம் நின்றவர். மின்கம்பத்துப் பீங்கான், ப்யூஸ் கேரியர், பொம்மை என்று பலவும் வெந்து வெளிவந்ததைக் கண்டவர். பழுதான பழைய ஸ்பீக்கர் ஒன்றை அவர் பிரித்து, பின்புறமிருந்த கருவளையத்தைச் சுண்டிப் பார்த்துவிட்டு, “இது இரும்பு இல்ல, நம்ம சூளை வேலைதான்” என்றார். அவர் சொன்னது மெய். அந்தக் காந்த வளையம் இரும்புத் துருவின் பொடியோடு பேரியம் அல்லது ஸ்ட்ரான்சியம் உப்பைக் கலந்து, அச்சில் அழுத்தி, 1,200 பாகை வெப்பத்தை ஒட்டியும் அதற்கு மேலும் வேகவைத்த பீங்கான் இனம். ஹாலந்து நாட்டுப் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தார் 1950களின் தொடக்கத்தில் இதனை உலகுக்குத் தந்தனர். மலிவான வலுவுள்ள காந்தம் கிடைத்ததால்தான் ஸ்பீக்கர் ஏழை எளியவர் வீட்டுக்கும் வந்தது. கீழே போட்டால் இது பீங்கான் கோப்பையைப் போலவே விளிம்பு உடையும்.

அந்தக் காந்தத்தின் இடைவெளியில் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று தொங்குகிறது. மின்சாரம் முன்னும் பின்னுமாக ஓட, சுருளும் அதனோடு ஒட்டிய காகிதக் கூம்பும் முன்னும் பின்னுமாக அசைந்து காற்றைத் தள்ளுகின்றன. ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் 1925இல் வகுத்த முறை இதுவே. நூறாண்டுகள் கடந்தும் அடிப்படை மாறவில்லை. இதிலிருந்து நடைமுறைக்கு ஒரு பாடம் உண்டு. ஒரு பெட்டியின் கம்பிகளைச் சிவப்பு கறுப்பு மாற்றி இணைத்துவிட்டால், ஒரு கூம்பு காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். அடியொலி ஒன்றையொன்று தின்றுவிடும். ஐயமிருந்தால் கம்பிகளை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிவிட்டு, ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பார்க்கலாம். பேட்டரியின் நேர்முனை சிவப்பில் பட்டால் கூம்பு வெளியே எழ வேண்டும். பெரிய ஸ்பீக்கரில் இதைக் கண்ணாலேயே காணலாம்.

இனி அமர்த்தும் முறை. ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் புளூம்லைன் இரட்டை ஒலிமுறைக்கு 1931இல் காப்புரிமை கோரினார். திரையில் ஆள் ஒரு பக்கம் நிற்க, குரல் வேறோரிடத்திலிருந்து வருவது அவருக்கு உறுத்தியது. அந்த உறுத்தலின் வழிவந்ததே இன்றைய ஐந்து பெட்டி அமைப்பு. கேட்பவர் முகத்துக்கு நேரே நடுப்பெட்டி. அதற்கு இருபுறமும் 30 பாகைக் கோணத்தில் இரண்டு. தோளுக்குச் சற்றுப் பின்னே, ஏறத்தாழ 110 பாகையில் மற்ற இரண்டு. பேச்சு பெரும்பாலும் நடுப்பெட்டியில்தான் வரும். பல வீடுகளில் அழகுக்காக இந்த ஐந்தையும் கூரையோரம் ஆணியடித்து மாட்டிவிடுகிறார்கள். அப்போது சொல் நம் தலைக்கு மேலே போகிறது. நடுப்பெட்டி அமர்ந்திருப்பவரின் செவி மட்டத்தில் இருக்க வேண்டும். இயலாவிடில் அவர் முகம் நோக்கிச் சற்றுச் சாய்த்து வைக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தோம். அம்மாவுக்குச் சொல் விளங்கவில்லை. குற்றம் பெட்டியில் இல்லை, கூடத்தில் இருந்தது. பதினாறடி நீளம், பதினோரடி அகலம், பத்தடி உயரம். சிமெண்டுப் பூச்சுச் சுவர், வழுவழுப்பான பீங்கான் தரையோடு. கைதட்டினால் ஓசை சுவருக்குச் சுவர் தாவி அடங்க ஏறத்தாழ இரண்டு வினாடி ஆகும்.

இந்தக் கணக்கை முதன்முதல் வகுத்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆசிரியர் வாலஸ் சபைன். 1895இல் அங்கே புதிதாகக் கட்டிய விரிவுரைக் கூடத்தில் ஒரு சொல் ஐந்து வினாடிக்கு மேல் சுழன்று நின்றதால், ஆசிரியர் பேசுவது மாணவருக்கு விளங்கவில்லை. சபைன் அருகிலிருந்த அரங்கத்து இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து பரப்பி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு எதிரொலி குறைகிறது என்று அளந்தார். விடியுமுன் அவற்றைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தார். அதிலிருந்து பிறந்ததே ஒலியியலின் அடிப்படைச் சூத்திரம். அறை பெரிதானால் எதிரொலி நீளும். ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் குறையும். அவர் அளவுகோலாகக் கொண்டது திறந்த சன்னலை. அதன் வழியே போன ஒலி திரும்புவதில்லையே!

தமிழ் இலக்கணம் அறிந்தவருக்கு இதன் கேடு எளிதில் விளங்கும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. கண்ணிமைக்கும் பொழுதில் பாதியே வாழும் மெய்யெழுத்து, முன்னே ஒலித்த உயிரின் எதிரொலி இரண்டு வினாடி நீண்டால் அதன் அடியில் புதைந்துபோகும். முதுமையோ இதை இன்னும் கடினமாக்குகிறது. வயது ஏற ஏற முதலில் மங்குவது உயர்ந்த அதிர்வெண்களைக் கேட்கும் திறன். உயிரெழுத்துகளின் வலிமை பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது; மெய்யெழுத்துகளைப் பிரித்தறிய உதவும் சீறலும் வெடிப்பும் 2,000 ஹெர்ட்சுக்கு மேலே பரவிக் கிடக்கின்றன. ஆகவே முதியவர்க்கு உயிர் கேட்கிறது; மெய் கேட்பதில்லை. “சத்தம் கேக்குது, சொல்லு விளங்கல” என்று அம்மா சொன்னது அவ்வளவு துல்லியமான நோய்க்குறிப்பு. ஒலியைக் கூட்டினால் கேட்கிற உயிரே மேலும் பெருகும். அடியொலியைக் கூட்டினாலோ, அது மேலுள்ள நுண்ணொலிகளை மூடி மறைக்கும். காது மருத்துவரிடம் பரிசோதித்து, தேவையானால் காதுக்கருவி அணிவதே முதல் வழி. வீட்டில் செய்யத்தக்கது அதற்குத் துணை.

கூடத்தைச் சீர்படுத்தினோம். தரையில் கனத்த பவானி ஜமுக்காளம். நடுப்பெட்டிக்கு எதிர்ச்சுவரில் மடிப்பு மிகுந்த பருத்தித் திரை. உள்ளறையிலிருந்த இலவம்பஞ்சு மெத்தைத் திவான் கூடத்துக்கு வந்தது. வெற்றுச் சுவரோரம் அத்தாவின் புத்தக அலமாரி. கைதட்டிப் பார்த்தால் ஓசை சட்டென அடங்கியது. பாய் மட்டும் போதாது. மெல்லியது கீச்சொலியைத்தான் பிடிக்கும். கனமும் மென்மையும் சேர்ந்ததே பேச்சொலியைப் பிடிக்கும்.

மண்ணைச் சுட்டு ஒலியை ஆளும் கலை நம் முன்னோர்க்குப் புதிதன்று. இஸ்தன்புல் நகரில் 1557இல் நிறைவுற்ற சுலைமானியா பள்ளிவாசலின் குவிமாடத்தில், தலைமைச் சிற்பி சினான் மண்குடங்களை அவற்றின் வாய் உட்புறம் திறந்திருக்குமாறு பதித்தார். வாய் குறுகிய குடம் தனக்குரிய ஒரு சுருதியில் அதிர்ந்து எதிரொலியைத் திருத்தும். ஓதுபவரின் குரல் கடைசி வரிசையில் நிற்கும் பாமரனுக்கும் போய்ச் சேர வேண்டுமே என்ற கவலை அந்தக் குடங்களுக்குள் இருக்கிறது.

எஞ்சியது பெரிய பெட்டி. 80 ஹெர்ட்சுக்குக் கீழுள்ள அடியொலி அதன் பொறுப்பு. எங்கள் கூடத்தின் அகலத்துக்குள் 52 ஹெர்ட்ஸ் ஒலியும், உயரத்துக்குள் 57 ஹெர்ட்ஸ் ஒலியும் அடைபட்டு நிற்கும். இரண்டும் நெருங்கியவை, ஆதலால் அந்தச் சுருதி வரும்போதெல்லாம் சுவரோரத்தில் ‘தும்’ என்று குமுறும், கூடத்தின் நடுவே வந்தால் அடங்கும். பெட்டியை மூலையில் திணித்தால் குமுறல் உச்சம். அதைத் தற்காலிகமாக நம் இருக்கையில் வைத்து ஒலிக்கவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து எங்கே அடியொலி சமனாகக் கேட்கிறதோ அங்கே வைப்பது வல்லுநர் சொல்லும் தந்திரம். நாங்கள் தவழ்ந்ததைப் பார்த்து அம்மா சிரித்த சிரிப்பு தனிக்கதை.

ஆனால் அம்மா கேட்ட கேள்வி சிரிப்புக்குரியதன்று. “நம்ம பக்கம் சரி, சுவத்துக்கு அந்தப் பக்கம் எப்படிக் கேக்கும்?” எங்களுக்கும் அடுத்த வீட்டாருக்கும் நடுவே ஒன்பது அங்குலச் செங்கற்சுவர் ஒன்றுதான். அவர்கள் மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். என் மகளைக் கருவியருகே நிறுத்திவிட்டு, நான் அடுத்த வீட்டுக்குச் சென்று அந்தப் பெண் படிக்கும் அறையில் ஐந்து நிமிடம் அமர்ந்தேன். ஆச்சரியம்! ஓதலோ பேச்சோ ஒன்றும் கேட்கவில்லை. ‘தும், தும்’ என்ற அதிர்வு மட்டும் வந்தது. அலமாரியில் அடுக்கியிருந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசின. “பரவாயில்லைங்க, பாயம்மா வீட்டுச் சத்தம்தானே” என்றார் அந்த அம்மையார். அந்தப் பெருந்தன்மையை நாம் கடனாக வாங்கிக்கொண்டே போகலாகாது.

இதற்கும் கணக்கு உண்டு. சுவர் கனக்கக் கனக்க ஒலி தடைபடும். ஆனால் ஒலியின் அதிர்வெண் பாதியாகும்தோறும் சுவரின் தடை ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். ஆதலால் சொல் நம் வீட்டிலேயே நின்றுவிடுகிறது. அதட்டல் மட்டும் சுவர் கடந்து போகிறது. திறந்த சன்னலில் நமக்கு மறையும் ஒலியும் தெருவில் போய்ப் பிறக்கத்தான் செய்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபெல் என வரம்பு வகுத்துள்ளன; தனியார் வீட்டு ஒலிக்கருவியும் எல்லைக்கோட்டில் இதற்கு மேல் 5 டெசிபெல்தான் கூடலாம். ஆனால் அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குப் போதித்ததற்குப் பின், சட்டம் வந்து சொல்லும்வரை காத்திருக்கலாமா? பெரிய பெட்டியைப் பொதுச்சுவரிலிருந்து அகற்றி, தரைக்கும் அதற்கும் நடுவே தடித்த ரப்பர் விரித்து, அளவைக் குறைத்தோம். இஷாவுக்குப் பின் அதன் விசையை அணைத்துவிடுவது வீட்டின் சட்டமாயிற்று. மறுமுறை போய் அமர்ந்தபோது டம்ளர்கள் பேசவில்லை.

ஹதீஸ் நூல்களில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. இரவுத் தொழுகையில் அபூபக்கர் (ரலி) அவர்கள் மிக மெல்ல ஓதுவார்கள். உமர் (ரலி) அவர்கள் உரத்து ஓதுவார்கள். ஒவ்வொருவரும் தத்தம் காரணத்தைச் சொல்லக் கேட்ட நபிகளார் (ஸல்) அவர்கள், முன்னவரைச் சற்று உயர்த்துமாறும், பின்னவரைச் சற்றுத் தாழ்த்துமாறும் பணித்தார்கள். இருவர் நோக்கமும் தூயதே. ஆயினும் இருவரின் அளவும் திருத்தப்பட்டது. இஸ்ரா அத்தியாயத்தின் 110ஆம் வசனமும் ஓதும் குரலுக்கு நடுவழியையே காட்டுகிறது. ஒலிக்கருவியின் குமிழைத் திருகும் கைக்கு இதைவிடச் சிறந்த வழிகாட்டி ஏது?

கடைசியில் பரீட்சை நாள் வந்தது. நாற்பதாண்டுக்கு மேற்பட்ட நாடாவை அப்படியே ஓட்டாமல், பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்தோம். அவர் டேப்ரிக்கார்டரின் ஹெட்டைச் சாராயத்தால் துடைத்து, அருகிலுள்ள சின்னஞ்சிறு திருகை இம்மியளவு திருப்பி, குரலில் கூர்மை வரும் இடத்தில் நிறுத்தினார். ஹெட் நாடாவுக்கு நேராக நில்லாவிடில் கீச்சொலி, அதாவது மெய்யெழுத்து, முதலில் தொலையும். நாடாவின் இரைச்சலைக் குறைக்க வழிகண்ட ரே டால்பி 1963 முதல் 1965 வரை ஐ.நா. ஆலோசகராக நம் நாட்டில் பணியாற்றியவர் என்பது பலரும் அறியாத செய்தி. எங்கள் கேசட்டில் அந்த வசதி இல்லை, இரைச்சல் இருந்தது. கணினியில் ஏற்றி ஓரளவு தணித்தார்.

அம்மாவின் நாற்காலியை நடுப்பெட்டிக்கு நான்கடி தூரத்தில் போட்டோம். பக்கப் பெட்டிகளும் பெரிய பெட்டியும் அணைக்கப்பட்டன. அடியொலி குறைந்து, மேலொலி சற்று உயர்ந்தது. ஆறு பெட்டிகளில் ஒன்றே போதுமானதாயிற்று. ஒருவர் குரலுக்கு ஒரு வாய் போதுமல்லவா?

அத்தா ஸலாம் சொன்னார்கள். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரித்தார்கள். பணம் அனுப்பிய விவரம், யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு. முடிவில் குரல் தாழ்ந்து ஒரு வாக்கியம். நாங்கள் எல்லோரும் அதை இத்தனை காலமும், “காசைப் பாத்துக்க” என்றே கேட்டிருந்தோம். பணக் கணக்குக்குப் பின் வருவதால் ஐயமும் எழவில்லை. அன்று அம்மா கையை உயர்த்தி, “அத மறுபடி போடு” என்றார்கள். மூன்று முறை போட்டோம். அத்தா சொன்னது, “காதைப் பாத்துக்க” என்று.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் அம்மாவுக்குக் காதில் சீழ் வைத்து வலியால் துடித்ததும், அதைக் கடிதத்தில் எழுதச் சொன்னதும் அப்போதுதான் அவர்கள் நினைவுக்கு வந்தன. நெடுநேரம் பேசாமலிருந்தார்கள். பிறகு மெல்ல, “நான் காசைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்” என்றார்கள். எதிரொலியும் இரைச்சலும் விழுங்கியிருந்தது ஒரே ஓர் எழுத்து. கணக்குச் சொல்லாக நின்றதை அது அன்புச் சொல்லாக மாற்றிவிட்டது.

இப்போது பிள்ளைகள் ஆறு பெட்டிகளையும் போட்டு ஆட்டம் பார்க்கும் நேரமும் உண்டு; அம்மா ஒற்றைப் பெட்டியில் கிராஅத் கேட்கும் நேரமும் உண்டு. ஒலியமைப்பைச் சீர்படுத்துவது என்பதற்கு நான் கண்ட பொருள் இதுவே: சொல் உரியவர் செவியைச் சேர வேண்டும், உரியவரல்லாதார் செவியை விட்டு விலகி நிற்க வேண்டும். விலையுயர்ந்த கருவி வாங்க இயலாதவர் வருந்த வேண்டியதில்லை. இருக்கிற ஸ்பீக்கரை வீட்டிலுள்ள முதியவரின் செவி மட்டத்துக்கு இறக்கலாம், திரையொன்று தொங்கவிடலாம், அடியொலியைக் குறைக்கலாம், அடுத்த வீட்டில் ஐந்து நிமிடம் போய் அமர்ந்து கேட்கலாம். பழைய கேசட் ஏதேனும் பெட்டியில் உறங்கினால், நாடா உதிருமுன் அதை எடுத்துப் பதிந்துகொள்ளலாம். இவற்றுக்குப் பெருங்காசு வேண்டாம், காது வேண்டும்.